இங்கிலீஷ் மீடியம்னு போர்டு, தமிழ்ல கிளாஸ்: ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல போன ஞாயித்துக்கிழமை காலேஜ் வாத்தியாருங்களும் இருமொழிக் கல்வியும்னு ஒரு கட்டுரை வந்துச்சே, அத எங்க பழைய ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தர் போட்டோ புடிச்சு போட்டாரு. பத்து நிமிஷத்துல சண்டை. இருமொழின்னு ஒரு வார்த்தைய பாத்தாலே நம்மாளுங்க நேரா 1968க்கு போயிடுவாங்க, அண்ணா சட்டசபையில தீர்மானம் போட்டது, இந்தி, மும்மொழி, டெல்லி. கட்டுரைய முழுசா படிச்சவங்க ரெண்டு பேர்தான் இருப்பாங்கன்னு நெனக்கிறேன். நான் எழுத வந்தது அந்த இருமொழிக் கொள்கைய பத்தி இல்ல, அதுல எனக்கு எந்த சண்டையும் கெடையாது. நான் சொல்ல வந்தது கிளாஸ் ரூம்ல வாத்தியார் வாயில வர்ற ரெண்டு மொழி, அத பத்தி வாத்தியாருக்கே இருக்குற வெக்கம்.

நான் 1992லேர்ந்து 2023 மே வரைக்கும் அரசு கலைக் கல்லூரிகள்ல கெமிஸ்ட்ரி நடத்துனவன். எந்தெந்த காலேஜ்னு வேணாம், எல்லா ஊர்லயும் ஒரே கதைதான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ் மீடியம்னு போர்டு தொங்கும். சிலபஸ் இங்கிலீஷ், கொஸ்டின் பேப்பர் இங்கிலீஷ், பசங்க ஜெராக்ஸ் கடையில வாங்குற நோட்ஸும் இங்கிலீஷ். ஆனா உள்ள போயி ஒக்காந்து கேட்டீங்கன்னா அம்பது நிமிஷத்துல முப்பத்தஞ்சு நிமிஷம் தமிழ்தான் ஓடும். "இந்த எலக்ட்ரான் இருக்கு பாரு, அது இங்கேர்ந்து கெளம்பி அங்க போயி ஒக்காருது, அதனால இவன் பாசிட்டிவ் ஆயிட்டான்." இப்படித்தான் நடத்துவோம். நான் மட்டும் இல்ல, பக்கத்து ரூம்ல ஃபிசிக்ஸ் நடத்துறவரு, எதுத்தாப்புல மேத்ஸ் எடுக்குற அம்மா, எல்லாரும். வராண்டாவுல பிரின்சிபால் செருப்பு சத்தம் கேட்டா மட்டும் டக்குனு "ஸோ ஸ்டூடன்ட்ஸ், ஆஸ் வி ஹேவ் ஸீன்"னு ஆரம்பிப்போம், பசங்க கீழ குனிஞ்சு சிரிப்பானுங்க. வெளியேர்ந்து ஆய்வுக்குழு வர்ற வாரம்னா கேக்கவே வேணாம், மூணு நாளு முழுக்க இங்கிலீஷ்லயே நடத்துவோம், அந்த மூணு நாளும் ஒரு பய ஒரு டவுட்டும் கேக்க மாட்டான். குழு போனதும் அதே பாடத்த திரும்ப நடத்துவோம். இது எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் எழுத்துல ஒத்துக்க மாட்டோம்.

என்னையே எடுத்துக்குங்க. பிளஸ் டூ வரைக்கும் கிராமத்துல தமிழ் மீடியம், அப்பறம் பி.எஸ்ஸி. இங்கிலீஷ் மீடியம். மொத ஆறு மாசம் பேராசிரியர் என்ன பேசுறாருன்னே வெளங்கல, போர்டுல எழுதுற ஃபார்முலாவ மட்டும் வச்சுக்கிட்டு ஓட்டுனேன். அப்பறம் மனப்பாடம். அந்த மனப்பாடத்துலயே எம்.எஸ்ஸி., எம்.ஃபில். எல்லாம் முடிச்சு வேலைக்கும் வந்துட்டேன். வேலைக்கு வந்த மொத வருஷம் முழுக்க இங்கிலீஷ்லதான் நடத்துவேன்னு வைராக்கியமா இருந்தேன். தமிழ்ல சொன்னா கெராமத்தான்னு நெனச்சுருவாங்களோன்னு பயம், வேற ஒண்ணும் இல்ல.

அத ஒடச்சது ஈக்விலிப்ரியம் பாடம். பசங்களுக்கு ஸ்கூல்ல சமநிலைன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. சமநிலைன்னா அவன் மனசுல தராசுதான் வரும், ரெண்டு தட்டும் நின்னுடுச்சு, அதோட ரியாக்‌ஷனும் நின்னுடுச்சு. நான் "டைனமிக் ஈக்விலிப்ரியம், ரேட் ஆஃப் ஃபார்வர்ட் ரியாக்‌ஷன்"னு மூணு கிளாஸ் கத்துனேன், அதாவது ரெண்டு பக்கமும் ரியாக்‌ஷன் ஒரே வேகத்துல ஓடிக்கிட்டேதான் இருக்கும்னு. டெஸ்ட் வச்சா எல்லாரும் டெஃபனிஷன கரெக்டா எழுதிட்டு, அடுத்த கேள்வியில ரியாக்‌ஷன் ஸ்டாப்ஸ்னு எழுதியிருக்கானுங்க. கோவத்துல பேப்பர தூக்கி போட்டுட்டு தமிழ்ல கேட்டேன், ஏண்டா, காலையில எந்த பஸ்ல வர்றீங்க, டவுன் பஸ்ஸா? ஒரு ஸ்டாப்ல பத்து பேர் எறங்குறான், பத்து பேர் ஏறுறான், உள்ள கூட்டம் கொறஞ்சுதா? இல்ல சார். அப்ப யாருமே ஏறல எறங்கலன்னு அர்த்தமா? கிளாஸ் ஒரு நிமிஷம் அமைதி. அப்பறம் பின் பெஞ்சுலேர்ந்து ஒரு பொண்ணு, அதுவரைக்கும் அது குரலே நான் கேட்டதில்ல, எந்திரிச்சு கேட்டுச்சு: "சார், திடீர்னு ஒரு ஸ்டாப்ல நாப்பது பேர் எறங்கிட்டா? எடம் இருக்குன்னு வெளில நிக்கிறவங்க எல்லாம் ஏறுவாங்கல்ல, திரும்ப ரொம்புற வரைக்கும்?"

அதான் சார் லே சாட்லியர் விதி, சமநிலைய யாராவது கலைச்சா அத ஈடு கட்டுற பக்கமா ரியாக்‌ஷன் நகரும்ங்குறது. அந்த பிரெஞ்சுக்காரரு 1884ல சொன்னத இந்த பொண்ணு டவுன் பஸ்ல கண்டுபுடிச்சுது. அமோனியா தயாரிக்கிறப்ப உண்டான அமோனியாவ குளுர வச்சு திரவமாக்கி வெளிய எடுத்துக்கிட்டே இருக்காங்களே, அது எதுக்குன்னு அன்னிக்குத்தான் அந்த கிளாஸுக்கு புரிஞ்சுது, எடுக்க எடுக்க இன்னும் உண்டாகும்னு, நான் சொல்லல, அவங்களே சொன்னாங்க. இன்னொரு பையன், "அப்ப ரியாக்‌ஷன வேகப்படுத்துற கேட்டலிஸ்டு போட்டா, பஸ்ஸோட ரெண்டு கதவையும் தொறந்து விட்ட மாதிரியா சார், ஏறுறதும் ஸ்பீடு எறங்குறதும் ஸ்பீடு, கூட்டம் அதே?" அப்படின்னான். நான் அந்த கிளாஸ்ல அன்னிக்கு வாத்தியாரே இல்ல. உதாரணம்னா கொஞ்சம் நொண்டத்தான் செய்யும், மாலிக்யூல் ஒண்ணும் டிக்கெட் எடுக்கறதில்ல, ஆனா டெஃபனிஷன் எழுதி ரியாக்‌ஷன் நின்னுச்சுன்னு சொன்ன கிளாஸ் அது.

அதுக்கப்பறம் வேற ஒண்ணு நடந்துச்சு, அத சொல்ல கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. தமிழ்ல வெளக்க ஆரம்பிச்சதும் எனக்கே பல எடத்துல மாட்டுச்சு. என்ட்ரோபி இஸ் எ மெஷர் ஆஃப் டிஸ்ஆர்டர்னு அதுவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன், யாரும் திருப்பி கேட்டதில்ல. தமிழ்ல ஒழுங்கில்லாம இருக்குறத அளக்குறதுன்னு சொன்ன அன்னிக்கு ஒருத்தன், "எத சார் அளக்குறோம்? ஒழுங்கில்லாதத எப்படி சார் அளப்பாங்க, அதுக்கு ஜூல் பெர் கெல்வின்னு யூனிட் எல்லாம் இருக்கே?"ன்னுட்டான். பதில் இல்ல. நாளைக்கு சொல்றேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு போயி மூணு நாளு படிச்சேன். இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டு இருந்த வரைக்கும் எனக்கு புரிஞ்ச மாதிரியே இருந்துச்சு. தமிழ்ல கேட்ட கேள்வி என் சட்டைய புடிச்சுருச்சு. அதனால ஸ்டாஃப் ரூம்ல யாராவது "இதெல்லாம் தமிழ்ல சொல்லவே முடியாதுங்க, சப்ஜெக்ட் அப்படி"ன்னு சொன்னா நான் ஒண்ணும் பேச மாட்டேன், ஆனா மனசுக்குள்ள தோணும், உங்களுக்கும் அந்த எடம் மாட்டுதுபோல.

ஸ்டாஃப் ரூம் பேச்ச பத்தி சொல்லணும், உங்க கட்டுரையில அது ரொம்ப மெதுவா, மரியாதையா வந்திருந்துச்சு. நெஜத்துல அப்படி இல்ல. தமிழ்ல நடத்துனா ஸ்டாண்டர்டு போயிடும்னு சொல்றவருதான் நோட்ஸ டிக்டேட் பண்ணிட்டு போறவரு. கேம்பஸ் இன்டர்வியூல என்ன பண்ணுவான்னு கேக்குறவரோட டிபார்ட்மென்டுக்கு நான் பாத்த வரைக்கும் ஒரு கம்பெனியும் வந்ததில்ல. புக்கே இல்லன்னு சொல்றவங்க சொல்றதுல மட்டும் ஞாயம் இருக்கு, டிகிரி லெவலுக்கு தமிழ்ல நல்ல புக்கு கம்மிதான், இருக்குறதும் பழசு. ஆனா அவங்ககிட்ட, சரி நீங்க உங்க யூனிட்டுக்கு இருபது பக்கம் எழுதுங்களேன்னு கேட்டா, புரொமோஷனுக்கு அதுல பாயின்ட் கெடையாதே சார்ங்குறாங்க. அதுவும் உண்மைதான். ஏதோ ஒரு ஜர்னல்ல யாரும் படிக்காத ஒரு பேப்பர் போட்டா பாயின்ட், முன்னூறு பசங்க படிக்கிற மாதிரி தமிழ்ல ஒரு பாடம் எழுதுனா ஒண்ணும் கெடையாது.

இந்த பக்கம் இப்படின்னா அந்த பக்கம் எங்க தமிழ்த்துறை நண்பர். ரொம்ப நல்ல மனுஷன், அண்ணேன்னுதான் கூப்புடுவேன். ஆனா "எலக்ட்ரான் போயி ஒக்காருது"ன்னு நான் சொல்றத கேட்டாருன்னா அவருக்கு வயித்தெரிச்சல். மின்னணுன்னு சொல்லுங்க, பஃபர் கரைசல் இல்ல தாங்கல் கரைசல், கேட்டலிஸ்டு இல்ல வினையூக்கி. "தமிழ்ல நடத்துனா முழுசா தமிழ்ல நடத்துங்க, இல்லன்னா இங்கிலீஷ்லயே நடத்துங்க, ரெண்டையும் கலந்து ரெண்டையும் கெடுக்காதீங்க தம்பி" அப்படிம்பாரு. வேடிக்கைய பாருங்க, ஸ்டாண்டர்டு போயிடும்னு சொல்ற இங்கிலீஷ்காரரும் கலக்காதேங்குறாரு, தமிழ்க்காரரும் கலக்காதேங்குறாரு, நடுவுல பையன் மண்டையில இருக்குறதே கலந்துதான் இருக்கு. வினையூக்கின்னு ஒரு காலத்துல, இப்ப ஸ்கூல் புக்குல வினைவேக மாற்றி, இலங்கையில ஊக்கி. நாம ஆக்ஸிஜன்னு எழுதுறத அவங்க ஒட்சிசன்னு எழுதுவாங்க. எதுவும் தப்பில்ல, ஆனா பையனுக்கு எது பரிச்சயமோ அதுலேர்ந்து ஆரம்பிச்சா என்ன கொறஞ்சிடும்?

அந்த அண்ணன்கிட்ட நான் எப்பவும் சொல்றது யாழ்ப்பாணத்து சாமுவேல் கிரீன் கதை. அமெரிக்க மிஷனரி டாக்டர், 1847ல போயி மானிப்பாய்ல வைத்தியம் சொல்லிக் குடுத்தவரு. மொதல்ல இங்கிலீஷ்லதான் நடத்துனாரு, 1864லேர்ந்து தமிழுக்கு மாத்திட்டாரு, படிச்சவங்க ஊர்லயே இருந்து ஊர் சனத்துக்கு வைத்தியம் பாக்கணும்னு. 1875ல கெமிஸ்ட்ரிக்கு தமிழ்ல ஒரு புக்கு வந்துச்சு, பேரு என்ன தெரியுமா, கெமிஸ்தம். வேதியியலும் இல்ல, இரசாயனமும் இல்ல, கெமிஸ்தம்! கெமிஸ்ட்ரிய அப்படியே புடிச்சு தமிழ் வார்த்தை மாதிரி ஒரு வாலு ஒட்டிட்டாங்க. 150 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆளுக்கு இருந்த துணிச்சல் நமக்கு இல்ல. 2022 அக்டோபர்ல போபால்ல எம்.பி.பி.எஸ். புக்கு இந்தியில வெளியிட்டாங்களே, அதுலயும் மெடிக்கல் வார்த்தைங்கள மாத்தாம அப்படியே அவங்க எழுத்துல எழுதிட்டாங்கன்னு இங்க நெறைய பேர் கிண்டல் பண்ணாங்க. அந்த விழாவோட அரசியல் எனக்கும் புடிக்கல, ஆனா அந்த ஒரு விஷயத்த கிண்டல் பண்றதுக்கு முன்னாடி நம்ம கிளாஸ்ல நாம என்ன பேசுறோம்னு நெனச்சு பாக்கணும்.

சரி, கவர்மென்ட் ஒண்ணும் செய்யலயான்னா, செஞ்சாங்க. கல்விய பத்தி மத்திய அரசு போட்ட கோத்தாரி கமிஷன் 1966லயே யுனிவர்சிட்டி வரைக்கும் அந்தந்த மாநில மொழிக்கு பத்து வருஷத்துல மாறலாம்னு சொன்னாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே ஹைதராபாத்துல 1918ல உஸ்மானியா யுனிவர்சிட்டிய உருதுவுல ஆரம்பிச்சு இன்ஜினியரிங், மெடிசின் எல்லாம் உருதுவுல நடத்தி காட்டுனாங்க, அங்க இங்கிலீஷயும் ஒரு கட்டாயப் பாடமா வச்சிருந்தாங்க, இத ரொம்ப பேர் கவனிக்கறதில்ல. அதுவும் 1948க்கு அப்பறம் இங்கிலீஷுக்கு மாறிடுச்சு. நம்ம ஊர்ல 2010ல அண்ணா யுனிவர்சிட்டி சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ்ல ஆரம்பிச்சாங்க. அதே வருஷம்தான் தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு அரசு வேலையில 20 சதவீதம் முன்னுரிமைன்னு சட்டம் வந்துச்சு. 2021ல இன்ஜினியரிங் காலேஜுங்களுக்கு அனுமதி குடுக்குற ஏ.ஐ.சி.டி.இ. மாநில மொழிகள்ல பி.டெக். நடத்தலாம்னு சொன்னாங்க. 2023 மே மாசம், நான் ரிட்டயர் ஆன அதே மாசம், அண்ணா யுனிவர்சிட்டி 11 உறுப்புக் கல்லூரிகள்ல சேர்க்கை கொறஞ்சிடுச்சுன்னு தமிழ் மீடியத்த நிறுத்துறோம்னு அறிவிச்சுட்டு, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கிட்டாங்க. அன்னிக்கு எங்க குரூப்புல ஒருத்தர் சந்தோஷமா எழுதுனாரு, "அப்பவே சொன்னேன்ல, தமிழ் மீடியம் எடுபடாதுன்னு."

எடுபடாதுதான், ஏன்னா இத்தன உத்தரவுலயும் மீடியம்னா குழாய் மாதிரி, ஒண்ணு இந்த குழாய், இல்லன்னா அந்த குழாய். வாத்தியார கூப்புட்டு, அய்யா நீ கிளாஸ்ல உண்மையா என்ன பேசுற, அத இன்னும் நல்லா பேச உனக்கு என்ன வேணும்னு 31 வருஷத்துல என்னை ஒருத்தரும் கேட்டதில்ல. எத்தனையோ டிரெய்னிங் போட்டாங்க, ஸ்மார்ட் போர்டுக்கு போட்டாங்க, ரெண்டு மொழியில ஒரு பாடத்த எப்படி நடத்துறதுன்னு ஒரு மணி நேரம் எனக்கு யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. இன்னொரு கூத்து, அந்த 20 சதவீதத்துக்கு 2020ல திருத்தம் வந்து, பள்ளிக்கூடத்துலேர்ந்தே தமிழ் மீடியத்துல படிச்சிருக்கணும்னு ஆயிடுச்சு. சரியான திருத்தம்தான், முன்ன அதுல நெறைய தில்லுமுல்லு இருந்துச்சு. ஆனா நான் வேலை பாத்த ஒரு எடத்துல தமிழ் மீடியம் செக்‌ஷனுக்கும் இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷனுக்கும் வாத்தியார் பத்தாம ஒரே ரூம்ல ஒக்கார வச்சு நானேதான் நடத்துனேன். ஒரே கிளாஸ், ஒரே வாய். ஒருத்தனுக்கு சர்டிஃபிகேட்ல தமிழ் வழி, பக்கத்துல ஒக்காந்திருந்தவனுக்கு ஆங்கில வழி.

இங்கிலீஷ் வேணாம்னு நான் சொல்லவே இல்ல. இங்கிலீஷ் இல்லாம கெமிஸ்ட்ரியில மேல போக முடியாது, ரிசர்ச் எல்லாம் அதுலதான் இருக்கு. என் கோவமே, இங்கிலீஷ் மீடியம்னு பேரு வச்சிட்டு நாம அந்த பசங்களுக்கு இங்கிலீஷையும் சொல்லிக் குடுக்கறதில்லங்குறதுதான். கடைசி பத்து பன்னெண்டு வருஷம் நான் ஒண்ணு பண்ணேன். பாடத்த தமிழ்ல பேசி முடிச்சுட்டு கடைசி பத்து நிமிஷம், இப்ப நீங்க சொல்லுங்க, இங்கிலீஷ்ல, மூணே மூணு சென்டென்ஸ், தப்பா இருந்தா பரவால்லன்னு சொல்லுவேன். மொதல்ல ஒருத்தனும் வாய தொறக்க மாட்டான். அந்த பத்து நிமிஷம் எனக்கு மூச்சு முட்டும். மூணாவது மாசம் வாக்குல பேச ஆரம்பிப்பாங்க, ஏன்னா சொல்ல வேண்டியது என்னன்னு தெரியும், வார்த்தைதான் தேடணும். எல்லாருக்கும் இது ஒத்து வரல, அதையும் சொல்லிடுறேன். மெட்ரிக் ஸ்கூல்லேர்ந்து வந்த ஒரு பொண்ணு, சார் ஒரே விஷயத்த ரெண்டு தடவ சொல்றீங்க, போரடிக்குதுன்னு நேராவே சொல்லிட்டா. ஒரு வருஷம் ஹைதராபாத்துல படிச்சிட்டு அப்பாவோட டிரான்ஸ்ஃபர்ல வந்து சேந்த, தமிழ் சரியா தெரியாத பையன் ஒருத்தன், என் பஸ் கதைக்கு எல்லாரும் சிரிக்கிறப்ப அவன் மட்டும் முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தான். நான் பி.எஸ்ஸி.யில ஒக்காந்திருந்த மாதிரியே. அவனுக்கு தனியா கூப்புட்டு சொன்னேன், ஆனா அது பதில் ஆகாது, எனக்கு தெரியும்.

2023 ஏப்ரல்ல யு.ஜி.சி., அதான் பல்கலைக்கழக மானியக் குழு, எல்லா யுனிவர்சிட்டிக்கும் எழுதுனாங்க, இங்கிலீஷ் மீடியம் கோர்ஸா இருந்தாலும் பசங்க அவங்க மொழியில பரீட்சை எழுத விடுங்கன்னு. நல்ல விஷயம். குரூப்புல மொத கேள்வி என்ன வந்துச்சு தெரியுமா, "யாருங்க திருத்துறது?" எனக்கு சிரிப்பு வந்துச்சு, வருஷம் முழுக்க தமிழ்ல நடத்துற அதே கைதானே திருத்தப் போவுது. என்னை கேட்டா கொஸ்டின் பேப்பர ரெண்டு மொழியிலயும் பக்கத்துல பக்கத்துல அடிக்கணும், ஒரே விடையில தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுதுனாலும் சரியா இருந்தா முழு மார்க் போடணும், அந்த ரெண்டாவத கேட்டதும் நெறைய வாத்தியாருங்க மூஞ்சி சுளிப்பாங்க. சுளிக்கட்டும். நானும் சுளிச்சவன்தான்.

ரிட்டயர் ஆகுறதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடி, சென்ட்ரல் வேல்யுவேஷன், அதாவது பல காலேஜ் விடைத்தாள ஒரே எடத்துல வச்சு திருத்துறது. ஒரு நாளைக்கு கட்டு கட்டா திருத்தணும், ஃபேன் காத்துல பேப்பர் பறக்காம ஸ்கேல வச்சு அமுக்கிக்கிட்டு வேகவேகமா போயிட்டு இருக்கோம். டம்மி நம்பர், யாரு பேப்பர்னு தெரியாது. இங்கிலீஷ் மீடியம்னு ரெஜிஸ்டர் பண்ண பேப்பர் ஒண்ணுல, எக்ஸ்ப்ளெய்ன் லே சாட்லியர்ஸ் பிரின்சிபிள், அஞ்சு மார்க். மொத ரெண்டு வரி இங்கிலீஷ்ல தட்டுத்தடுமாறி எழுதியிருக்கு, அப்பறம் இங்கிலீஷ் தீந்து போச்சுபோல, தமிழ்ல எழுதியிருக்கு. டவுன் பஸ்ஸுல திடீர்னு நாப்பது பேர் எறங்குனா என்னாகும்னு. கீழ அமோனியா ஈக்வேஷன் கரெக்டா, பேலன்ஸ் பண்ணி, அம்புக்குறி ரெண்டு பக்கமும் போட்டு. பக்கத்துல ஒக்காந்திருந்தவரு எட்டி பாத்துட்டு, "என்ன சார் பஸ் கதை எல்லாம் எழுதியிருக்கான், தமிழ்ல எழுதுனத அடிச்சுட்டு மேல போங்க, இங்கிலீஷ் மீடியம் பேப்பர், சேர்மன் பாத்தா நம்மள கேப்பாரு" அப்படின்னாரு. அது என் பஸ். என் கிளாஸ்ல ஒக்காந்திருந்த பிள்ளையோ, இல்ல என்கிட்ட படிச்சு இப்ப எங்கயோ வாத்தியாரா இருக்குற ஒருத்தரோட பிள்ளையோ, யாரோ.

செகப்பு பேனாவால குறுக்க கோடு போட்டேன். அஞ்சுக்கு ஒண்ணரை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்,
பட்டுக்கோட்டை.